ஒருத்தர் பாக்கி

புதுச்சேரிக் கடலில், எந்தக் காலத்திலோ சரக்கோடு மூழ்கிப்போன ஒரு இரும்புத் தோணி மணலில் பாதி புதைந்து கிடக்கும் இடத்துக்கு மேலே, ஏசி மெக்கானிக் இருசப்பனின் மூச்சு பல வருஷங்களாக வந்துகொண்டிருந்தது. காற்று அடங்கிய காலையில் படகை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தால் போதும், குமிழிகள் கொத்தாக மேலே வந்து, தண்ணீர்த் தோலில் முட்டி, உடைந்து, ஒரு மனிதன் மூச்சை உள்ளே இழுக்கிற நேரம் அளவுக்கு ஓய்ந்திருந்து, மறுபடி கொத்தாக வரும். ஊரில் யாரும் இதைப் பற்றி வாயைப் பிளந்துகொண்டு நிற்கவில்லை. ஐப்பசியில் கடல் கலங்கும், மாசியில் தெளியும், இருசப்பன் மூச்சு விடுவார், அவ்வளவுதான்.

அவர் மூச்சு விடுகிற அத்தனை வருஷமும் அவருக்கு இன்ஷூரன்ஸ் இருந்தது. அது எப்படி என்றால், அதற்குச் சங்கத்தின் கதையைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். பிரெஞ்சுப் பட்டாளத்தில் முக்குளிப்பவராக இருந்து, பென்ஷனும் வெள்ளை மீசையுமாக ஊர் திரும்பிய ஒரு சொல்தா, சும்மா இருக்கப் பிடிக்காமல், மீன்பிடித் துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு தகரக் கொட்டகை போட்டு, பொழுதுபோக்காகக் கடலுக்கு அடியில் போய்ப் பார்க்க ஆசைப்படுகிறவர்களுக்காக ஆரம்பித்ததுதான் கீழைக்கடல் முக்குளிப்புச் சங்கம். வங்கி மேலாளர், கல்லூரி வாத்தியார், பேக்கரிக்காரர், பல் டாக்டர் என்று வாரம் முழுக்கத் தரையில் மரியாதையாக நடக்கிறவர்கள் ஞாயிற்றுக்கிழமை மட்டும் ரப்பர் சட்டை மாட்டிக்கொண்டு, முதுகில் காற்றுச் சிலிண்டரோடு தண்ணீரில் தொப்பென்று விழுவார்கள். சொல்தா போய்ச் சேர்ந்துவிட்டார். அவர் விட்டுப்போன சட்டங்கள் மட்டும் கொட்டகையில் அப்படியே நின்றுவிட்டன.

முதல் சட்டம் சுவரில் மாட்டிய ஒரு பலகை. அதில் மேலே ஒரு வரிசை ஆணி, கீழே ஒரு வரிசை ஆணி. மேல் வரிசைக்குக் கரை என்று பெயர், கீழ் வரிசைக்குக் கடல். ஒவ்வொரு உறுப்பினருக்கும் பெயர் பொறித்த பித்தளை வில்லை ஒன்று உண்டு. தண்ணீருக்குப் போகும்போது அவரவர் வில்லையை அவரவர் கையால் கரை ஆணியிலிருந்து எடுத்துக் கடல் ஆணியில் மாட்ட வேண்டும், திரும்பி வந்ததும் அவரவர் கையாலேயே மேலே ஏற்ற வேண்டும். தலைபோகிற அவசரமானாலும் அடுத்தவர் வில்லையை யாரும் தொடக்கூடாது, ஏனென்றால் அடுத்தவன் வந்துவிட்டான் என்று நாமாக நினைத்துக்கொண்டு வில்லையை ஏற்றிவிட்டு வீட்டுக்குப் போய்ச் சாப்பிட உட்காருவதில்தான் உயிர் போகிறது என்று சொல்தா சொல்லுவாராம்.

இரண்டாவது சட்டம், பொறுப்புக் காப்பீடு இல்லாத உறுப்பினர் கணுக்கால் அளவுத் தண்ணீரில்கூட நிற்கக்கூடாது என்பது. அதைப் பார்த்துக்கொண்டவள் மதலேன். சொல்தாவிடம் பயின்ற முதல் பெண், பிழைப்புக்கு இன்ஷூரன்ஸ் ஏஜெண்ட், சிரித்தால் துறைமுகத்தின் மறுகரையில் வலை பின்னுகிறவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். மீனைப் பார்க்கப் போகிறவனுக்கு எதுக்கு மேடம் இன்ஷூரன்ஸ் என்று கேட்கிற புது ஆளைத் தோளில் தட்டி உட்கார வைத்து, “இது உனக்கு அடிபட்டா தர்றது இல்லப்பா. உன்னால அடுத்தவங்களுக்கு ஏதாவது ஆச்சுன்னா, உனக்காக நின்னு பதில் சொல்றது,” என்பாள். வங்கி மேலாளரின் துடுப்புக் கால் பட்டுக் கல்லூரி வாத்தியாரின் முன்பல் போனதையும், ஒருவர் கைநழுவ விட்ட ஈயக்கட்டிப் பெல்ட் ஒரு மீனவரின் படகுத் தரையைத் துளைத்துக்கொண்டு போனதையும், இரண்டுக்கும் கம்பெனி முணுமுணுக்காமல் ஈடு கொடுத்ததையும் அவள் கதைகதையாகச் சொல்ல, புது ஆள் கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் எழுந்திருப்பார்.

இருசப்பன் இந்தச் சங்கத்துக்குள் வந்தது காற்று நிரப்புகிற கம்ப்ரஸரை ரிப்பேர் பார்க்க. ரிப்பேர் முடிந்தது, மனுஷன் போகவில்லை. ஊரிலுள்ள வீடுகளுக்கெல்லாம் குளிர்ந்த காற்று கொடுத்துவிட்டுத் தான் வேர்த்து விறுவிறுத்து அலைகிறவருக்கு, ஒரு தடவை கீழே போய் வந்ததும் அந்தக் குளிர்ச்சியும் அமைதியும் பிடித்துப்போய்விட்டன. அதற்கப்புறம் ஞாயிற்றுக்கிழமை என்று ஒரு நாளே அவர் மனைவி வேதவல்லியின் காலண்டரில் இல்லாமல் போனது.

வேதவல்லிக்குக் கடல் என்றால் கடற்கரைச் சாலையில் சுண்டல் சாப்பிட்டுக்கொண்டே பார்க்கிற ஒன்று, அதற்கு மேல் உறவு வேண்டாம் என்பது அவள் கட்சி. ஆனால் கடல்தான் வீட்டுக்கு வந்துகொண்டிருந்ததே. மதியம் காதில் உப்பும் கண்ணைச் சுற்றி முகமூடித் தடமுமாக வந்து உட்காருகிறவர், தண்ணீருக்கடியில் பேச முடியாதவர்கள் பேசிக்கொள்கிற கைப்பேச்சைச் சாப்பாட்டிலும் விடமாட்டார். வஞ்சிரக் குழம்பு நன்றாக இருந்தால் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்து வட்டமாகும். உப்பு கூடினால் உள்ளங்கை இப்படியும் அப்படியும் ஆடும். காரம் என்றால், காற்று தீர்ந்துவிட்டது என்று கழுத்தைக் கையால் அறுத்துக் காட்டுவார். மகள் சிரித்துச் சிரித்துப் புரையேறுவாள். வேதவல்லியும் தண்ணீரையே தொடாமல் அந்தப் பாஷையைக் கற்றுக்கொண்டுவிட்டாள்.

அதில் அவளுக்கு மிகவும் பிடித்தது கட்டைவிரலை மேலே தூக்குகிற சைகை. மேலே போகலாம் என்று அர்த்தம். முக்குளிப்பவர்களுக்குள் அது சட்டம் மாதிரி. ஜோடியில் யார் காட்டினாலும் மற்றவர் ஏன், எதற்கு என்று கேட்காமல் அந்த நிமிஷமே கிளம்பிவிட வேண்டும். வேதவல்லி அதைக் கல்யாண வீடுகளில் பயன்படுத்தினாள். அவருடைய பெரியப்பா மகன் நிலத்தகராறை ஆரம்பிக்கும்போது, புடவைத் தலைப்புக்குள்ளிருந்து அவள் கட்டைவிரல் மட்டும் எட்டிப் பார்க்கும், பாயசத்தைப் பாதியில் வைத்துவிட்டு இருசப்பன் எழுந்துவிடுவார். ஏன் என்று அவர் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. பிற்காலத்தில் அவள் எதையெல்லாம் நினைத்து ஏங்கினாளோ, அதில் முதலில் நின்றது அந்தக் கேள்வி கேட்காமைதான்.

ஒவ்வொரு ஞாயிறும் கிளம்பும்போது அவர் ஒன்று கேட்பார். “ஒரு தடவ வந்து பாரு வேதா. நீ வந்து பார்த்துட்டா அப்புறம் நான் இத விட்டுடறேன், உன் கூடவே வீட்டுல கெடக்கறேன்.” அவளும் ஒவ்வொரு ஞாயிறும், ஒரு நாள் வர்றேன் என்பாள். காதுகுத்து வரும், மகளுக்குப் பரீட்சை வரும், தலைக்குக் குளித்திருப்பாள், மழை தூறும். மறுப்பு என்று சொல்ல முடியாத, வரவும் செய்யாத அந்த ஒரு நாளை அவள் வருஷக்கணக்காகத் தள்ளிக்கொண்டே வந்தாள்.

மாசி மாதத்துத் தெளிந்த ஞாயிறு ஒன்றில், இருசப்பனும் அவருக்கு ஜோடியாகப் போன மதலேனும் இரும்புத் தோணியைப் பார்த்துவிட்டு மேலே வரும் நேரம், மதலேன் கட்டைவிரலைக் காட்ட, அவர் சரி என்று விரல் வட்டம் காட்டினார். கயிற்றைப் பிடித்து அவள் கொஞ்சம் ஏறிவிட்டுத் திரும்பிப் பார்த்தபோது கீழே ஆள் இல்லை. மறுபடி இறங்கிப் போனாள். உட்கார்ந்திருக்கிற மனிதனின் வாய் எந்த உயரத்தில் இருக்குமோ அந்த உயரத்தில், வெறும் தண்ணீரிலிருந்து குமிழிகள் புறப்பட்டுக்கொண்டிருந்தன. அவள் அந்த வெறும் தண்ணீருக்குக் கட்டைவிரலைத் திரும்பத் திரும்பக் காட்டினாள். குமிழிகள் இடத்தை விட்டு அசையவில்லை.

ரோந்துப் படகுகள் வந்தன, வலை போட்டு அரித்தார்கள், ஒரு செருப்புகூடக் கிடைக்கவில்லை. ஒரு சிலிண்டர் காற்று ஒரு மணி நேரம் வந்தாலே பெரிய விஷயம் என்று எல்லாருக்கும் தெரியும். ஆனால் மறுநாளும் குமிழி வந்தது, மறுவாரமும் வந்தது, மூச்சு விடுகிற ஆளைச் செத்தவர் என்று எழுத என் கை வராது என்று சொல்லிவிட்டு இன்ஸ்பெக்டர் தொப்பியைப் போட்டுக்கொண்டு போனார். பலகையில் எல்லா வில்லையும் கரைக்கு ஏறிவிட, இருசப்பனுடையது மட்டும் கடல் ஆணியில் தொங்கியது. அன்று படகைக் கரைக்குக் கொண்டுவந்த சங்கத்துப் படகோட்டி அஞ்சாப்புலி, கொட்டகையைப் பார்த்துத் தலைக்கணக்குச் சொல்ல வேண்டிய வழக்கப்படி, “ஒருத்தர் பாக்கி,” என்று குரல் கொடுத்தான். அதற்கப்புறம் ஒவ்வொரு ஞாயிறும் அவன் அதையே சொன்னான்.

ஊர் அதற்கு ஏற்றமாதிரி தன்னை மாற்றிக்கொண்டது. விசைப்படகுகள் அந்த இடத்தைக் கொஞ்சம் சுற்றிக்கொண்டு போயின. புது இன்ஜின் வாங்கினவர்கள் முதல் ஓட்டத்தில் அங்கே ஒரு எலுமிச்சம்பழம் போட்டுவிட்டுப் போனார்கள். கோடையில் ஏசி ஓடாத வீடுகளில், ஹூம், இருசப்பன் மேலே இருந்திருந்தால் ஒரு தட்டுத் தட்டி ஓட விட்டிருப்பாரே என்று கடல் பக்கம் திரும்பிப் பெருமூச்சு விட்டார்கள். குமிழி வேகத்தில் வலை தாழாமல் மேலேயே மிதந்து அன்றைய பாடு போச்சு என்று ஒரு மீனவர் புகார் கொண்டுவந்தபோது, மதலேன் அதை முறையாகக் கம்பெனிக்கு அனுப்பினாள். தண்ணீரில் இருக்கிற உறுப்பினர், அவரால் மூன்றாம் மனிதருக்கு நஷ்டம், பாலிசி உயிரோடு இருக்கிறது, வேறென்ன வேண்டும்? கம்பெனிக்காரர்கள் கொஞ்ச நாள் தலையைச் சொறிந்தார்கள், பிறகு ஈடு கொடுத்துவிட்டார்கள். ஈடு கொடுத்ததனால் இருசப்பன் உயிரோடு இருப்பது சட்டப்படியும் உறுதியாயிற்று என்று சங்கத்தில் எல்லாருக்கும் இனிப்பு வழங்கினார்கள்.

ஆண்டுதோறும் புதுப்பிக்க மருத்துவச் சான்று வேண்டும். சங்கத்துப் பல் டாக்டர் தயாநிதி படகில் குப்புறப் படுத்து, ஸ்டெதாஸ்கோப்பைத் தண்ணீரில் விட்டு, கண்ணை மூடிக்கொண்டு வெகுநேரம் கேட்பார். மூச்சு சீராக இருக்கிறது, சளி இல்லை, பல்லைப் பற்றி இப்போதைக்கு ஒன்றும் சொல்வதற்கில்லை என்று எழுதிக் கொடுப்பார். அதையும் கம்பெனி ஏற்றுக்கொள்ளும்.

வேதவல்லியோ, தண்ணீருக்குள் போகாதவள், தண்ணீருக்கு மேலே போக ஆரம்பித்தாள். ஞாயிறு காலை, படகு கிளம்பும்போது அவளும் ஏறிக்கொள்வாள். முக்குளிக்கிறவர்கள் இறங்கின பிறகு, அஞ்சாப்புலி நாகரிகமாக மறுபக்கம் திரும்பி உட்கார்ந்துகொள்ள, அவள் படகின் விளிம்பில் முகத்தை வைத்து அந்த வாரத்துச் சங்கதிகளைச் சொல்வாள். எதிர்வீட்டுக்காரரின் நாய் அவரையே கடித்ததைச் சொன்னபோது குமிழிகள் குலுங்கிக் குலுங்கி வந்தன, அது அவருடைய சிரிப்பு. அவருடைய அம்மா தவறினதைச் சொன்னபோது நின்றுவிட்டன. படகில் இருந்தவர்களும் மூச்சை அடக்கிக்கொண்டு காத்திருந்தார்கள். பிறகு ஒரே ஒரு பெரிய குமிழி வந்தது, அதன் பின்னால் சின்னச் சின்னதாக வெகுநேரம் வந்தன. மகளுக்குக் காரைக்காலில் சம்பந்தம் முடிந்ததை, பேரன் பிறந்ததை, அவன் குப்புற விழுந்ததை, எல்லாவற்றையும் அவள் அங்கேதான் சொன்னாள். வீட்டில் இருக்கிற புருஷன்மார்கள்கூட இவ்வளவு பொறுமையாகக் கேட்கமாட்டார்கள் என்று அவள் மதலேனிடம் சொன்னதுண்டு. அது பாதி விளையாட்டு, பாதி நிஜம்.

இப்படி எல்லாம் சுமுகமாகப் போய்க்கொண்டிருக்கையில், கம்பெனியின் தலைமை அலுவலகத்திலிருந்து புதிதாக ஒரு இளம் அதிகாரி வந்தார். கெட்டவர் இல்லை. குமிழியைப் பார்க்கப் படகில் வந்தபோது, யாரும் சொல்லாமலே ஷூவைக் கழற்றிவிட்டுத்தான் நின்றார். ஆனால் கொட்டகைக்குத் திரும்பி வந்து, வருத்தத்தோடு ஒரு விதியைச் சொன்னார். முக்குளிப்புச் சங்கங்களுக்குப் பொறுப்புக் காப்பீடு வேண்டுமென்றால், பொழுது சாயும்போது தண்ணீரில் ஒரு உறுப்பினரும் பாக்கி இருக்கக்கூடாது, கடல் வரிசை காலியாக இருக்க வேண்டும். இந்த முறை புதுப்பிக்க அது கட்டாயம். காப்பீடு இல்லையென்றால் துறைமுகத்தில் படகுக்கு அனுமதி இல்லை. படகு இல்லையென்றால் சங்கம் இல்லை.

அவரே உதவுகிற எண்ணத்தில், இதை மேலே மாட்டிவிட்டால் வேலை முடிந்தது என்று இருசப்பனின் வில்லைக்குக் கையை நீட்டினார். “தம்பி, கைய எடுங்க,” என்றார் டாக்டர் தயாநிதி. அவர் யாரிடமும் அந்தக் குரலில் பேசி ஒருத்தரும் கேட்டதில்லை. அதிகாரி கையை எடுத்துக்கொண்டு, புதுப்பிக்கிற தேதி வரை காத்திருப்பதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

அதன் பிறகு நடந்த கூட்டத்தில் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். கௌரவ உறுப்பினராக்கிவிடலாம் என்றார் வங்கி மேலாளர். கௌரவ உறுப்பினர் தண்ணீரில் இறங்கக்கூடாதே, இவர் ஏறவே இல்லையே என்றார்கள். அண்ணனை ஒரு படகாப் பதிஞ்சுட்டா என்ன, நங்கூரம் போட்ட படகுக்கு யாரும் ஒண்ணும் கேக்கறதில்ல என்றான் அஞ்சாப்புலி. அதைக்கூடக் கொஞ்ச நேரம் பேசினார்கள். யாரும் வேதவல்லியின் முகத்தைப் பார்க்கவில்லை. அவள் பலகையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு எழுந்து போனாள்.

அவளுக்குத் தெரிந்த ஒன்று வேறு யாருக்கும் தெரியாது. அவர் ஏன் அங்கே இருக்கிறார் என்பதைப் பற்றி ஊர் ஆயிரம் சொன்னது. அவளுக்கோ முதல் வாரத்திலேயே விளங்கிவிட்டது. நீ வந்து பார்த்துட்டா விட்டுடறேன் என்றவர், அவள் வந்து பார்ப்பதற்காக உட்கார்ந்திருக்கிறார். அவள் போனால் வந்துவிடுவார். அது தெரிந்தும் ஏன் போகவில்லை? முதலில் பயம்தான். அப்புறம் பயம் போய், பயத்தைவிடப் பெரிதாக ஒன்று வந்து உட்கார்ந்துகொண்டது. அதை அவள் மதலேனின் அலுவலகத்தில், மின்விசிறிக்குக் கீழே, எதிரே வைத்த டீயை ஓரமாகத் தள்ளிவிட்டுச் சொன்னாள்.

“நான் போனா அவர் மேல வந்துடுவாரு அக்கா. மூச்சு விட்டுக்கிட்டு வருவாரா, என்னவா வருவாரு, தெரியாது. வந்துட்டாருன்னா அந்த இடத்துல குமிழி இருக்காது. அப்புறம் ஞாயித்துக்கெழம நான் எங்க போவேன்?”

முப்பது வருஷமாக மனிதர்களுக்கு எது கிடைக்கும், எது கிடைக்காது என்று எடுத்துச் சொல்வதையே தொழிலாகக் கொண்ட மதலேன், ஆறுதல் சொல்லத் தெரியாமல், தெரிந்ததைச் சொன்னாள். “உனக்கு வர்ற நஷ்டத்துக்கு எங்கிட்ட பாலிசி இல்ல வேதா. நம்மால அடுத்தவங்களுக்கு வர்ற நஷ்டத்துக்கு மட்டுந்தான் இருக்கு.”

வேதவல்லி அதை யோசித்துக்கொண்டே வீட்டுக்குப் போனாள். வாத்தியாரின் ஞாயிற்றுக்கிழமை, டாக்டரின் ஞாயிற்றுக்கிழமை, கரைக்கு வந்து குரல் கொடுக்கிற அஞ்சாப்புலியின் பிழைப்பு, எல்லாம் தன் ஒருத்தியின் ஒரு நாளைக்காகக் காத்துக்கொண்டிருப்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. தன் புருஷனைத் தண்ணீரில் வைத்துக்கொண்டு பேசிப்பேசி ஆசை தீராத அவள், அந்த ஆசைக்கு ஊரார் ஈடு கொடுக்க வேண்டுமா என்று கேட்டுக்கொண்டு அழுதாள். மறுநாள் காலை சங்கத்துக்குப் போய், உறுப்பினராகச் சேர என்ன செய்ய வேண்டும் என்று கேட்டாள்.

சில வாரம் நீச்சல் குளத்தில் மதலேன் அவளைத் தயார் செய்தாள். முகமூடிக்குள் தண்ணீர் புகுந்தபோது வேதவல்லி போட்ட கூச்சலில் குளத்துக் காவலாளி ஓடிவந்தான். மூக்கைப் பிடித்து ஊதிக் காது அடைப்பை விடுவிக்க, வாயால் மட்டும் மூச்சு விட, கனத்தைக் கண்டு பதறாமல் இருக்கக் கற்றுக்கொண்டாள். கைப்பேச்சு மட்டும் யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை, அதில் அவள் மதலேனுக்கே பாடம் எடுப்பாள். தயாநிதி இந்த முறை மனிதரின் நெஞ்சிலேயே ஸ்டெதாஸ்கோப் வைத்துச் சான்று கொடுத்தார். பாலிசியில் அவள் பெயரும் ஏறியது. பித்தளையில் அவள் பெயர் வெட்டினார்கள்.

அந்த ஞாயிறு அவள் தன் வில்லையைக் கரை ஆணியிலிருந்து எடுத்து, கடல் வரிசையில் இருசப்பனுடையதுக்குப் பக்கத்து ஆணியில் மாட்டினாள். பல வருஷத் தனிமைக்குப் பிறகு அந்த வில்லைக்குத் துணை வந்ததைப் பார்த்து வங்கி மேலாளர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். குமிழி வருகிற இடத்தில் அஞ்சாப்புலி நங்கூரம் போட்டுவிட்டு, “பாத்துப் போங்க அண்ணி,” என்றான்.

கயிற்றைப் பிடித்துக்கொண்டு, மதலேனின் கண்ணைப் பார்த்துக்கொண்டு, அவள் இறங்கினாள். பச்சை வெளிச்சம் கீழே போகப் போக மங்கியது. இருசப்பனின் குமிழிகள் பக்கத்திலேயே மேலே போய்க்கொண்டிருந்தன, அவற்றின் வழியிலேயே அவள் கீழே போனாள். இரும்புத் தோணியின் விளிம்பு தெரிந்தது, சிப்பியும் பாசியும் அப்பிய அதன் மேல், உட்கார்ந்திருக்கிற மனிதனின் வாய் உயரத்தில், ஒன்றுமே இல்லாத இடத்திலிருந்து மூச்சு வந்துகொண்டிருந்தது. வேதவல்லி அதற்கு எதிரே மணலில் முழங்காலிட்டாள்.

அப்படி என்னதான் இருக்கிறது இங்கே என்று எத்தனை ஞாயிறு எரிச்சலோடு கேட்டிருப்பாள். சுற்றிலும் பார்த்தாள். மஞ்சள் மீன்கள் ஒரு கூட்டமாக வந்து அவருடைய குமிழிகளுக்குள் நுழைந்து விளையாடின. தோணியின் ஒரு ஓட்டையில் விரல் நீளத்துக்கு ஒரு மீன், வாசலில் நின்று அவளை முறைத்தது. பெரிய அதிசயம் எதுவும் இல்லை. யாரும் கூப்பிடாத, மணி அடிக்காத, எந்த வீட்டிலும் எதுவும் ரிப்பேர் ஆகாத ஒரு அமைதி மட்டும் இருந்தது, அதில் தன் மூச்சுச் சத்தம் கேட்டது, பக்கத்தில் இன்னொரு மூச்சுச் சத்தமும் கேட்டது. கல்யாணமான புதிதில், கரண்டு போன மத்தியானங்களில், ஒரே பாயில் படுத்துக்கொண்டு அவள் கேட்ட அதே மூச்சு. இதைத்தான் காட்ட நினைத்தாரா, இதற்கா நான் இத்தனை வருஷம் வராமல் இருந்தேன் என்று முகமூடிக்குள் அவள் அழுதாள். வெளியே இருந்த உப்போடு உள்ளேயும் கொஞ்சம் சேர்ந்தது.

அவள் கையை நீட்டி, விரல்களை வட்டமாக்கிக் காட்டினாள். நல்லா இருக்குங்க.

குமிழிகள் குலுங்கிக் குலுங்கி வந்தன.

அப்படியே இருந்துவிடலாம் என்று அவளுக்குத் தோன்றியது. நிஜமாகவே தோன்றியது. மதலேன் பக்கத்தில் வந்து அவளுடைய காற்று மீட்டரைத் தட்டிக் காட்டினாள். முள் இறங்கிக்கொண்டிருந்தது. இவருடைய காற்று தீராது, என்னுடையது தீரும், அவ்வளவுதானே வித்தியாசம் என்று வேதவல்லி நினைத்தாள். பலகையில் பக்கத்துப் பக்கத்தில் தொங்குகிற இரண்டு வில்லைகள் ஞாபகம் வந்தன, கரையில் அவற்றைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறவர்களும் ஞாபகம் வந்தார்கள். புடவைத் தலைப்பு இல்லாத அந்த ரப்பர் உடுப்பில், கையை நெஞ்சோடு ஒட்டி, கல்யாண வீடுகளில் காட்டுகிற மாதிரியே மெல்லக் கட்டைவிரலைத் தூக்கினாள்.

அவர் ஏன் என்று கேட்கவில்லை. குமிழி புறப்படுகிற இடம் தோணியின் விளிம்பிலிருந்து எழுந்தது.

அவர்கள் கயிற்றைப் பிடித்து நிதானமாக ஏறினார்கள். பாதி வழியில், உடம்பு மேல்தண்ணீருக்குப் பழக வேண்டி நிற்கிற இடத்தில் நின்றார்கள். மதலேன் பார்த்துக்கொண்டே இருந்தாள். அவளுடைய குமிழி ஒரு பக்கம் தனியாகப் போனது. கயிற்றுக்கு அந்தப் பக்கம் வேதவல்லியின் குமிழியும் இன்னொரு குமிழியும் ஒன்றோடொன்று கலந்து, எது யாருடையது என்று பிரிக்க முடியாமல் மேலே போயின. பிறகு தலைகள் தண்ணீருக்கு மேலே வந்தன. குமிழி அத்தோடு நின்றது. கடல், அந்த இடத்திலும், மற்ற இடங்களைப் போலவே கிடந்தது.

படகில் ஏற்றிவிட்ட அஞ்சாப்புலி நங்கூரத்தைத் தூக்கினான். கரை நெருங்கியதும் எழுந்து நின்று கொட்டகையைப் பார்த்தான். அத்தனை வருஷப் பழக்கத்தில் வாய் எதற்கோ போக, அதை நிறுத்தி, “எல்லாரும் வந்தாச்சு,” என்று குரல் கொடுத்தான்.

கொட்டகைக்குள் வேதவல்லி தன் வில்லையை எடுத்துக் கரை ஆணியில் மாட்டிவிட்டு, பலகைக்கு முதுகைக் காட்டி நின்றாள். அவளைப் பார்த்து மதலேனும் திரும்பிக்கொண்டாள். டாக்டரும் வங்கி மேலாளரும் வாத்தியாரும், பாலிசி புதுப்பிக்கிற விஷயமாக வந்திருந்த இளம் அதிகாரியும், எல்லாரும் எதிர்ச்சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்கள். ஒரு மனிதர் தன் வேலையைத் தானே செய்துகொள்ளட்டும் என்று நின்றார்கள். வெளியே ஒரு விசைப்படகு போகிற சத்தம் கேட்டு அடங்கியது. பிறகு பித்தளை ஆணியில் உரசுகிற சின்னச் சத்தம் கேட்டது.

திரும்பிப் பார்த்தபோது கடல் வரிசை காலியாக இருந்தது. கரை வரிசையில், வேதவல்லியின் வில்லைக்குப் பக்கத்தில், இருசப்பனுடையது தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

யாரும் கைதட்டவில்லை. அதிகாரி தலையைக் குனிந்து பாலிசியைப் புதுப்பித்தார். புடவைக்கு மாறிக்கொண்டு வந்த வேதவல்லியை மதலேன் வாசல் வரை கொண்டுவிட்டாள். பிரியும் நேரத்தில், ஏஜெண்டாகச் சொல்லியாக வேண்டியதைச் சொல்லத்தானே வேண்டும் என்று சங்கடத்தோடு சொன்னாள்.

“வேதா, எங்க பாலிசி தண்ணியில இருக்கற வரைக்குந்தான். கரையில அவருக்கு யாரும் பொறுப்பு கிடையாது.”

“கரையில நான் இருக்கேன் அக்கா,” என்றாள் வேதவல்லி.

வாசலில் அவர்களுடைய பழைய ஸ்கூட்டர் நின்றிருந்தது. அந்தக் காலத்தில் அவர் ஓட்டுவார், அவள் பின்னால் ஒருக்களித்து உட்கார்ந்து, மெதுவாப் போங்க, மெதுவாப் போங்க என்று வழி முழுக்கச் சொல்லிக்கொண்டு வருவாள். அவர் போன பிறகுதான் ஓட்டக் கற்றுக்கொண்டாள். இப்போது பின் சீட்டில் படிந்திருந்த மணலைத் தலைப்பால் துடைத்தாள், தான் கொஞ்சம் முன்னால் நகர்ந்து உட்கார்ந்து வண்டியைக் கிளப்பினாள். பின்னால் இருக்கிறவர் சாலையைப் பார்த்து எத்தனையோ வருஷம் ஆகிறது என்பதால், துறைமுகத்திலிருந்து வீடு வரை, ஒவ்வொரு வேகத்தடையிலும் அவள் வண்டியை நிறுத்தி நிறுத்தி ஏற்றி இறக்கினாள்.